மாக்சிம் து காமின் எகிப்தியப் படங்களை ஆவணம் எனலாமா?

நீலநதி:
1849இல் பிரான்சின் கல்வி அமைச்சகம் எழுத்தாளர் மாக்சிம் து காமிடம் ஒப்படைத்த பணி, எகிப்தின் தொல்சின்னங்களை ஒளிப்படங்களாக்கிக் கொண்டுவருவதாகும். நண்பரும் நாவலாசிரியருமான ஃப்ளோபேருடன் நைல் நதியில் படகேறிய அவர் இருநூறுக்கும் மேற்பட்ட காகித நெகட்டிவ்களுடன் ஊர் திரும்பினார். அவற்றிலிருந்து 125 படங்கள் லீல் நகருக்கு அருகிலிருந்த பிளாங்கார் எவ்ராரின் அச்சுக்கூடத்தில் உருவாகி 1852இல் தொகுப்பாக வெளிவந்தன. கட்டடத்துக்கு நேரெதிரே நின்று, அழகு சேர்க்க முயலாமல் எடுக்கும் அவருடைய பாணியை வறட்சி என்று சிலர் குறைகூறுவதுண்டு. ஆவணத்துக்கு அந்த வறட்சிதான் தேவை என்பது என் வாதம்.

கல்லெழுத்து:
இதை நான் ஏற்கவில்லை. 1839இல், வெள்ளி பூசிய தகட்டில் படம் பதிக்கும் டாகுரோடைப் முறையைப் பற்றிப் பேசிய அறிவியலாளர் அராகோ, தீப்ஸ், மெம்ஃபிஸ், கர்னாக் சின்னங்களை மூடியிருக்கும் சித்திர எழுத்துகளைப் படியெடுக்க ஓவியர் பட்டாளத்துக்கே பல பத்தாண்டுகள் பிடிக்கும் என்றும், இக்கருவி இருந்தால் ஒரே ஆள் அதைச் செய்துவிடலாம் என்றும் கூறினார். து காமை அந்த அளவுகோலால்தான் மதிப்பிட வேண்டும். காகித நெகட்டிவில் தாளின் இழைகளே படத்துக்குள் புகுந்து நுண்கோடுகளை மங்கச் செய்துவிடும். ஈரக் காகிதத்தைக் கல்லின்மேல் அழுத்திப் படியெடுக்கும் பழைய வேலையும் அப்பயணத்தில் தொடரத்தான் செய்தது. சலிப்பு மிகுந்த அந்த வேலை பாவம், ஃப்ளோபேரின் தலையில் விழுந்தது. எகிப்தியலைப் பயின்று, 1855இல் மெதினெத் ஹாபுவில் அகழாய்வும் நடத்திய ஒளிப்படக் கலைஞர் ஜான் பீஸ்லி கிரீனின் கல்வெட்டுப் படங்களுக்கு அருகே வைத்துப் பார்த்தால் து காம் பயணியாகத்தான் தெரிகிறார்.

இருட்டறை:
இருவரும் அந்த மனிதரைக் கவனிக்கவில்லையே! 1850இல் எடுத்த அபு சிம்பல் கோயிலின் படத்தில், பெரும்பகுதி மணலில் புதைந்துகிடக்கும் எகிப்திய மன்னன் இராம்சேசின் சிலையின் மகுடத்தின்மேல் சிறு புள்ளிபோல் ஒருவர் அமர்ந்திருக்கிறார். படகோட்டிகளுள் ஒருவரான நூபியர் ஹாஜி இஸ்மாயில், அளவு காட்டுவதற்காக இவ்வாறு பல சின்னங்களில் ஏற்றப்பட்டார். படம் பதியும்வரை அவர் அசையக் கூடாது என்பதற்காக, கருவியில் துருத்திக்கொண்டிருந்த பித்தளைக் குழாய் ஒரு பீரங்கி என்றும், அசைந்தால் குண்டுமழை பொழியும் என்றும் பயமுறுத்தியதைத் து காமே தம் பயண நூலில் பெருமையோடு எழுதியிருக்கிறார். ஆவணமா இல்லையா என்பதற்கு முன், ஒரு மனிதரை அளவுகோலாக்கிய இந்த முறையை அல்லவா நாம் பேச வேண்டும்?

நீலநதி:
அந்த ஏமாற்று வேலையை நான் நியாயப்படுத்தமாட்டேன். ஆயினும் அளவுகோல் இல்லாத சிலைப்படம் ஆய்வாளனுக்கு அரைப் பயன்தான் தரும் என்பதைக் கல்லெழுத்து மறுக்க முடியுமா? மேலும், 1964 முதல் 1968 வரை அக்கோயிலைத் துண்டுகளாக அறுத்து, முன்பிருந்ததைவிட ஏறத்தாழ 65 மீட்டர் உயரமான இடத்தில் மறுபடி கட்டினார்கள். பழைய இடமோ இன்று அஸ்வான் உயர் அணையால் உருவான நாசர் ஏரிக்கு அடியில் கிடக்கிறது. அந்தப் பாறைமுகத்தில் 1850இல் மணல் எதுவரை ஏறியிருந்தது என்பதை ஓவியரின் கைவண்ணத்தை நம்பாமல் பார்க்க வேண்டுமானால், து காமின் படத்தைத்தான் நாடவேண்டியிருக்கிறது.

கல்லெழுத்து:
மணல்மட்டத்தைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். அது நான் எண்ணிப்பார்க்காத பயன். அளவுகோலைத்தான் ஏற்க முடியவில்லை. ஒரு படத்தில் நிற்பவர், இன்னொன்றில் அமர்ந்திருக்கிறார். அமர்ந்திருப்பவரை வைத்து எத்தனை முழம் என்று கணக்கிடுவது? தொல்லியலே நோக்கமாயிருந்தால், பயணத்தின் நடுவிலேயே பெய்ரூத்தில் கருவியைக் கொடுத்துப் பொன்னிழைத் துணி வாங்கிக்கொண்டு, அத்தோடு ஒளிப்படத்தையே கைவிட்டிருப்பாரா?

இருட்டறை:
கருவியைக் கைவிட்டதால் எடுத்த படங்கள் பொய்யாகிவிடா, நண்பரே. எனக்கு வேறொன்று உறுத்துகிறது. படத்தில் அந்த மனிதரின் முகம் தெரிவதே இல்லை. பீரங்கிக் கதையைத் து காம் எழுதாமல் விட்டிருந்தால், மகுடத்தின்மேல் இருப்பவருக்கு ஒரு பெயர் உண்டு என்பதே நமக்குத் தெரிந்திருக்காது.