பழைய சாண்ட்ரோவுக்கு எல்.பி.ஜி கிட் போடலாமா?

கொங்கு_சாண்ட்ரோ:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் 2010 மாடல் சாண்ட்ரோ ஜிங் இருக்கிறது, பெட்ரோல், 1.1 லிட்டர் எஞ்சின். 15 வருடம் முடிந்து, ஆர்.டி.ஓ-வில் காட்டி, ஆர்.சி-யை இன்னும் 5 வருடத்துக்குப் புதுப்பித்தாயிற்று. அப்பா ஆசையாக வாங்கிய வண்டி. அம்மாவுக்கு முழங்கால் வலி, குனியாமல் ஏறி இறங்க இந்த உயரம்தான் வசதி. அதனால் விற்கிற எண்ணம் இல்லை.

நான் சிங்காநல்லூரில் இருந்து பல்லடம் போய் வருகிறேன், தினமும் 50 கி.மீ. கிட்ட. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டிய பிறகு சம்பளத்தில் ஒரு பெரிய துண்டு அதற்கே போகிறது. வண்டி ஏ.சி போட்டு லிட்டருக்கு 15 கி.மீ. கொடுக்கிறது. அதோடு இப்போது எங்கே போட்டாலும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான், இந்த வயசு வண்டிக்கு அது ஆகாது என்கிறார்கள். எல்.பி.ஜி காஸிலும் ஓடுகிற மாதிரி கிட் போட்டு மாறிவிட்டால் இரண்டு தொல்லையும் தீருமே என்று தோன்றுகிறது.

ஒரு இடத்தில் புது கிட், புது டேங்க், பேப்பர் எல்லாம் சேர்த்து 35,000 சொன்னார்கள். இன்னொரு இடத்தில், உடைக்கப் போன ஆம்னி வேனில் இருந்து எடுத்த டேங்க்கை வைத்து 15,000-க்கு முடித்துத் தருகிறேன், ஆர்.சி-யில் ஏற்ற வேண்டியதில்லை, யாரும் பார்ப்பதில்லை என்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், பங்க்குக்கே போக வேண்டாம், வீட்டு சிலிண்டரில் இருந்தே மோட்டார் வைத்து ஏற்றிக்கொள்ளலாம் என்று வேறு சொல்கிறார்.

இந்த வண்டிக்கு இவ்வளவு செலவு தகுமா? எஞ்சின் தாங்குமா? போட்டு ஓட்டியவர்கள் சொல்லுங்கள்.

ஈரோடு_பட்டறை:

தம்பி, முதலில் அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை அடியோடு மறந்துவிடுங்கள். சமையல் காஸை வண்டியில் ஏற்றுவது சட்டப்படி குற்றம், 2001-லேயே இதற்கென்று மத்திய அரசின் ஆணை வந்துவிட்டது. சட்டத்தை விடுங்கள், உயிரைப் பாருங்கள். வீட்டு சிலிண்டரைக் கவிழ்த்து வைத்து மோட்டாரில் இழுக்கும்போது இணைப்பில் கசியாமல் இருக்காது. அந்த காஸ் காற்றைவிட எடை கூடியது, மேலே போகாமல் தரையோடு தரையாகப் பரவி நிற்கும், மோட்டார் சுவிட்சில் ஒரு பொறி போதும். வேன்கள் இப்படி எரிந்த செய்தியை நாம் எத்தனை தடவை படித்திருக்கிறோம். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப் போகிற வண்டிக்கே இப்படி ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், நினைத்தால் வயிறு எரிகிறது.

15,000 கிட்டும் வேண்டாம். ஆட்டோ காஸ், அதாவது வண்டிக்கென்று பங்க்கில் விற்கிற எல்.பி.ஜி, அதற்கான டேங்க்கில் ஒரு தகடு இருக்கும், அதில் சீரியல் நம்பர், கொள்ளளவு, சோதனை செய்த தேதி எல்லாம் அடித்திருப்பார்கள். 5 வருடத்துக்கு ஒரு முறை தண்ணீர் அழுத்தச் சோதனை, அதாவது ஹைட்ரோ டெஸ்ட், செய்தாக வேண்டும். உடைக்கப் போன ஆம்னி டேங்க் எந்த வெள்ளத்தில் நின்றது, அடிப்பக்கம் எவ்வளவு துரு, உள்ளே இருக்கிற வால்வு வேலை செய்கிறதா, யாருக்குத் தெரியும்? அந்த வால்வுதான் 80 சதவீதம் நிரம்பியதும் தானாக அடைத்துக்கொள்ளும். மேலே 20 சதவீதம் காலியாக விடுவது வெயிலில் காஸ் விரிவதற்கு இடம். நம் ஊர் சித்திரை வெயிலில் வண்டி நாள் முழுக்க வெட்டவெளியில் நிற்கும்போது அந்தக் காலி இடம் இல்லையென்றால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

எஞ்சின் தாங்குமா என்று கேட்டீர்கள். தாங்கும், ஆனால் இப்போது அது எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்து. கிட் போடுவதற்கு முன் கம்ப்ரெஷன், அதாவது எஞ்சினுக்குள் வருகிற அழுத்தம், பார்க்கச் சொல்லுங்கள், எஞ்சினின் எல்லா சிலிண்டரிலும் ஏறக்குறைய ஒரே அளவு வர வேண்டும். ஒன்றில் மட்டும் குறைந்தால் எஞ்சின் வால்வோ பிஸ்டன் ரிங்கோ போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், காஸ் போட்டால் அது இன்னும் சீக்கிரம் போகும். காஸ் உலர்ந்து எரிகிறது, வால்வு உட்காரும் சீட் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். அப்படித் தேய்ந்தால் வால்வு இடைவெளி குறைந்துகொண்டே வந்து ஒரு கட்டத்தில் வால்வு முழுதாக மூடாது, எரிந்துபோகும். இதைச் சொல்லி பயமுறுத்தவில்லை, சர்வீஸ் விடும்போதெல்லாம் டேப்பட் இடைவெளியை, அதாவது இந்த வால்வு இடைவெளியை, பார்க்கச் சொன்னால் போதும்.

அடுத்தது கூலன்ட், எஞ்சினைக் குளிர வைக்கிற திரவம். இதைத்தான் யாரும் சொல்வதில்லை. டேங்க்கில் இருந்து வரும் திரவ காஸை ரெடியூசர்தான் ஆவியாக்குகிறது, அதற்கு வேண்டிய சூடு எஞ்சின் கூலன்ட்டில் இருந்து வருகிறது. ரேடியேட்டரில் கூலன்ட் இல்லாமல் வெறும் தண்ணீரை ஊற்றி, துருப்பிடித்து, பாதி அடைத்துக் கிடக்கிற வண்டியில் இது வேலை செய்யாது. கோடையிலேயே ரெடியூசர் மேல் பனி படர்ந்து வண்டி திணறி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஹோஸ், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் எல்லாம் சரி பண்ணிவிட்டு அப்புறம் கிட்டைப் பற்றி யோசியுங்கள். ஸ்பார்க் பிளக்கும் ஒயரும் புதிதாக இருக்கட்டும், காஸுக்கு வலுவான பொறி வேண்டும்.

கிட் வாங்கினால் சீக்வென்ஷியல் வகை வாங்குங்கள். உங்களுடையது இன்ஜெக்டர் வண்டி. கார்புரேட்டர் காலத்து மிக்சரை அதில் மாட்டினால் இன்டேக்கில், அதாவது எஞ்சினுக்குக் காற்று போகிற குழாயில், காஸ் நிறைந்து நிற்கும், எஞ்சினில் இருந்து தீ அங்கே திரும்பி அடித்தால் (பேக்ஃபயர்) ஏர் ஃபில்டர் பெட்டியே தெறித்துவிடும். சீக்வென்ஷியலில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக, வேண்டிய நேரத்தில் மட்டும் காஸ் போகிறது.

ஆவடி_டுயோ:

நான் கம்பெனியிலேயே எல்.பி.ஜி பொருத்தி வந்த வேகன் ஆர் டுயோ வைத்திருக்கிறேன், அதனால் கிட் போட்ட அனுபவம் இல்லை, காஸில் ஓட்டுகிற அனுபவம் நிறைய.

மைலேஜ் குறையும், இதை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் காஸில் இருக்கிற சக்தி ஒரு லிட்டர் பெட்ரோலைவிடக் கிட்டத்தட்ட கால்வாசி குறைவு. ஆக்டேன் கூடுதல் என்பதால் கொஞ்சம் ஈடுகட்டும், இருந்தாலும் 15 கொடுக்கிற வண்டி 12 கொடுத்தால் நல்ல கணக்கு.

உங்கள் கணக்கையே போடுவோம். பெட்ரோல் 101, காஸ் 60 என்று வைத்துக்கொண்டால் (உங்கள் பங்க் விலையைப் போட்டுப் பாருங்கள், அது மாதா மாதம் மாறும்) பெட்ரோலில் கிலோமீட்டருக்கு 6 ரூபாய் 73 பைசா, காஸில் 5 ரூபாய். மிச்சம் 1.73. 35,000 ரூபாயை எடுக்க 20,000 கி.மீ. ஓட வேண்டும். மாதம் 1,250 கி.மீ. ஓடினால் 16 மாதம். ஆர்.சி இன்னும் நான்கு வருடத்துக்கு மேல் இருக்கிறது என்றால் தகும். வாரம் ஒரு முறை கோயிலுக்கு எடுக்கிற வண்டியாக இருந்தால் வேண்டவே வேண்டாம் என்று சொல்லியிருப்பேன்.

ஆனால் காஸ் எங்கே போடுவீர்கள்? இதுதான் என் பெரிய கவலை. எங்கள் பகுதியில் ஒரு பங்க் காஸ் விற்பதையே நிறுத்திவிட்டது, இன்னொன்றில் ஆட்டோக்காரர்கள் வரிசை, காலையில் போனால் அரை மணி நேரம். நீங்கள் போகிற வழியிலேயே பங்க் இருக்கிறதா, அது ஒழுங்காகத் திறக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள், இணையத்தில் வரைபடத்தைப் பார்த்து நம்ப வேண்டாம். ஸ்டெப்னி குழியில் வைக்கிற வட்ட டேங்க் 34 லிட்டர் என்றால் 80 சதவீதத்துக்கு 27 லிட்டர்தான் ஏறும், 320 கி.மீ. வரும். உங்களுக்கு வாரம் ஒரு முறை போட்டால் போதும். ஸ்டெப்னி டயர் டிக்கிக்கு மேலே வந்துவிடும், அம்மாவோடு ஊருக்குப் போகும்போது பைகளுக்கு இடம் இருக்காது.

ஊட்டி, கொடைக்கானல் ஏறும்போது பெட்ரோலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள், ஏ.சி போட்டு நாலு பேரோடு ஏறினால் காஸில் இழுவை குறைவது நன்றாகத் தெரியும்.

மதுரை_பாலிசி:

இன்ஷூரன்ஸ் வேலையில் இருக்கிறேன், அந்தப் பக்கம் மட்டும் சொல்கிறேன். ஆர்.சி-யில் ஏற்ற வேண்டியதில்லை என்று ஒருவர் சொன்னால் அந்த வாசலை மிதிக்காதீர்கள். எரிபொருளை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி வண்டியில் செய்கிற மாற்றம், ஆர்.டி.ஓ பதிவில் பெட்ரோல்/எல்.பி.ஜி என்று வர வேண்டும். அதற்கு, ஒப்புதல் பெற்ற கிட்டின் சான்றிதழ், டேங்க் சான்றிதழ், பொருத்தியவரின் பில் மூன்றும் வேண்டும். கிட் ஒப்புதல் 3 வருடத்துக்குத்தான் செல்லும், அது காலாவதி ஆகாமல் இருக்கிறதா, உங்கள் எஞ்சின் சி.சி அதில் அடங்குகிறதா என்று பணம் கொடுப்பதற்கு முன்பே பாருங்கள். முடிந்தால் அந்த நகலை எடுத்துக்கொண்டு ஆர்.டி.ஓ அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள்.

பிறகு பாலிசியில் சேர்க்க வேண்டும். வழக்கமாகக் கூடுதல் பிரீமியம், ஓன் டேமேஜில் (நம் வண்டிச் சேதத்துக்கான பகுதி) கிட் மதிப்பில் 4 சதவீதம், தேர்ட் பார்ட்டிக்கு (அடுத்தவர் சேதத்துக்கு) 60 ரூபாய். உங்கள் 35,000 கிட்டுக்கு 1,400-உடன் 60, வரி தனி. இவ்வளவுதான். இதை மிச்சம் பிடித்து, நாளைக்கு வண்டி தீப்பிடித்தால் சர்வேயர் வந்து பார்க்கிற முதல் விஷயமே டிக்கியில் இருக்கிற டேங்க்தான். ஆர்.சி-யில் இல்லை, பாலிசியில் இல்லை என்றால் கிளெய்ம் நிற்பது கஷ்டம். தீ காஸால் வரவில்லை, ஒயரிங்கில் வந்தது என்று நிரூபிக்க நீங்கள்தான் ஓட வேண்டியிருக்கும். தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் வைத்திருக்கிறவர்களும் ஆர்.சி-யில் ஏற்றியதும் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

நெல்லை_வண்டிக்காரன்:

நான் வேறு மாதிரி சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். 35,000 கிட், அதற்கு முன் கூலன்ட் வேலை, பிளக், ஒயர் என்று இன்னும் பத்தாயிரம். 15 வயசு தாண்டிய வண்டியில் இவ்வளவு போடுவதற்குப் பதில், கொஞ்சம் சேர்த்து கம்பெனியில் பொருத்திய சி.என்.ஜி (அழுத்தி அடைத்த இயற்கை எரிவாயு) வண்டி ஒன்றை செகண்ட் ஹேண்டில் பார்க்கலாமே. இப்போது சி.என்.ஜி பங்க் தமிழ்நாட்டில் நிறைய வந்துவிட்டது, ஆட்டோ காஸ் பங்க்தான் குறைகிறது. வேகன் ஆர் சி.என்.ஜி-யும் உயரமான வண்டிதான், அம்மாவுக்கும் சிரமம் இருக்காது.

ஈரோடு_பட்டறை:

நெல்லை அண்ணாச்சி சொல்வதில் நியாயம் இருக்கிறது, கையில் பணம் இருந்தால் அதுதான் நல்லது. ஆனால் இதே சாண்ட்ரோவில் சி.என்.ஜி போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள், அது வேண்டாம். சி.என்.ஜி 200 பார் அழுத்தத்தில் நிற்கிறது, அதற்கு கனமான இரும்பு சிலிண்டர் வேண்டும், பழைய வண்டியின் பின் ஸ்பிரிங் உட்கார்ந்துவிடும், டிக்கி மொத்தமும் போய்விடும், ஹைட்ரோ டெஸ்ட்டும் 3 வருடத்துக்கு ஒரு முறை. எல்.பி.ஜி டேங்க்கில் அழுத்தம் அதில் சிறு பங்குதான், டேங்க்கும் எடை குறைவு.

அந்த எத்தனால் விஷயத்தை விட்டுவிட்டேன். காஸ் போட்டாலும் பெட்ரோல் போகாது. காலையில் ஸ்டார்ட் ஆவது பெட்ரோலில்தான், கூலன்ட் கொஞ்சம் சூடான பிறகுதான் காஸுக்கு மாறும். டேங்க்கில் அதே பெட்ரோல் மாதக்கணக்கில் கிடந்தால் எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் ஹோஸும் பம்பும் இன்னும் கெடும். அதனால் கால் டேங்க்குக்குக் குறையாமல் வைத்து, வாரத்தில் கொஞ்ச தூரம் பெட்ரோலிலேயே ஓட்டித் தீர்த்துப் புதிதாகப் போடுங்கள். பெட்ரோல் ஹோஸ்களை ஒரு முறை மாற்றிவிடுவதும் நல்லது, பெரிய செலவில்லை. பெட்ரோல் டேங்க்கைக் காலியாக விட்டு வைத்தால் உள்ளே இருக்கிற பம்ப் எரிந்துபோகும், காஸ் வண்டிகளில் அடிக்கடி வருகிற வேலை இது.

கொங்கு_சாண்ட்ரோ:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. 15,000 கிட்டும் சிலிண்டர் யோசனையும் ஒழிந்தது. பல்லடம் ரோட்டில் பங்க்கை நேரில் பார்த்துவிட்டு, வண்டியைக் கம்ப்ரெஷன் பார்க்க விடுகிறேன், அது சரியாக வந்தால் மட்டும் மேலே. அண்ணா, கிட் மாட்டி வண்டியை எடுக்கும்போது நானே எதையெல்லாம் பார்க்க வேண்டும்? பிறகு, ஓட்டும்போது காஸ் வாசனை வந்தால் என்ன செய்வது? எங்கள் அபார்ட்மென்ட்டில் தரைக்குக் கீழேதான் பார்க்கிங்.

ஈரோடு_பட்டறை:

டிக்கியைத் திறந்து டேங்க் மேல் இருக்கிற வால்வைப் பாருங்கள். அதன் மேல் காற்றுப் புகாத மூடி இருக்க வேண்டும், அந்த மூடியில் இருந்து ஒரு குழாய் தரையைத் துளைத்து வண்டிக்கு வெளியே போயிருக்க வேண்டும். வால்வில் கசிந்தாலும் காஸ் வெளியே போவதற்குத்தான் அது. பல இடங்களில் இதை மாட்டாமல் விட்டுவிடுகிறார்கள், மாட்டாமல் வண்டியை எடுக்காதீர்கள். காஸ் பைப் வண்டிக்கு அடியில் போக வேண்டும், சைலன்சர் பக்கத்தில் போகக் கூடாது, கேபினுக்குள் போகவே கூடாது. டேங்க்கைத் தகட்டில் வெறும் ஸ்குரூ போட்டு நிறுத்தியிருந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள், அடியில் தனி பட்டை வைத்து போல்ட் போட வேண்டும். எல்லா இணைப்பிலும் சோப்பு நுரை தடவிக் காட்டச் சொல்லுங்கள். நிற்கிற வண்டியில் டியூன் பண்ணிக் கொடுத்தால் போதாது, அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து ஏ.சி போட்டு ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள்.

கீழ்த்தளப் பார்க்கிங் எனக்குப் பிடிக்கவில்லை. கசிந்தால் காஸ் அங்கேயே தேங்கி நிற்கும். சங்கத்தில் பேசி மேலே திறந்த இடம் ஒன்று வாங்க முடியுமா பாருங்கள், கிட் போடுவதற்கு முன்பே இதை முடித்துக்கொள்ளுங்கள்.

ஓட்டும்போது வாசனை வந்தால் கண்ணாடியை இறக்கி, ஆளில்லாத ஓரமாக நிறுத்தி, சாவியைத் திருப்பி அணைத்துவிடுங்கள், அணைத்ததும் சோலனாய்டு, அதாவது மின்சாரத்தில் திறந்து மூடுகிற வால்வு, காஸை நிறுத்திவிடும். எல்லோரையும் இறக்கித் தள்ளி நிற்க வையுங்கள், அம்மாவை முதலில். வாசனை லேசாக இருந்தால் டேங்க்கில் இருக்கிற கை வால்வையும் மூடுங்கள், அது எந்தப் பக்கம் திரும்பும் என்று டெலிவரி அன்றே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பலமாக அடித்தால் பக்கத்திலேயே போகாமல் தீயணைப்புக்குக் கூப்பிடுங்கள். நின்ற வண்டியில் காலையில் வாசனை வந்தால் ஸ்டார்ட் பண்ணாதீர்கள், லைட் போடாதீர்கள், ரிமோட்டைக்கூட அழுத்தாதீர்கள். தள்ளி வந்து போன் பண்ணி ஃபிட்டரை வரச் சொல்லுங்கள்.