ஏழாவது ஆட்டமும் முறுக்கு டப்பாவும்

குழு: ஆலமரத்து வீடு
புதன், 2 நவம்பர் 2016, மதியம்

கிளீவ்லாந்து அக்கா: யாராவது வேலை பார்க்கிறீர்களா? எனக்கு ஒன்றும் ஓடவில்லை. பேஸ்பால் இறுதித் தொடரின் கடைசி ஆட்டம், எங்கள் இந்தியன்ஸும் சித்தப்பாவின் சிகாகோ கப்ஸும், ராத்திரி எட்டு மணிக்கு. காலையிலிருந்து ஒரே மெயிலை நான்கு தடவை திறந்து மூடிவிட்டேன்.

எடிசன் மச்சான்: மதினி, ஆட்டக் கணக்கில் 3-1 என்று முன்னால் இருந்தபோது என்ன பேச்சு பேசினீர்கள்! இப்போது 3-3. ஜூன் மாதம் உங்கள் ஊர் கேவலியர்ஸ் 3-1 பின்னாலிருந்து வந்து கூடைப்பந்துக் கோப்பையைத் தூக்கியதே, அந்தக் கடனை இப்போது வட்டியோடு கட்டுகிறீர்களா?

கிளீவ்லாந்து அக்கா: வாயைக் கழுவுங்கள் எடிசன்காரரே.

மதுரை பெரியப்பா: இந்தியன்ஸ் இறுதிப் போட்டியில் ஆடுகிறது என்று பேரன் போனில் காட்டினான். நம் ஆட்களா அம்மா?

கிளீவ்லாந்து அக்கா: இல்லை பெரியப்பா, செவ்விந்தியர்களை வைத்து வைத்த பெயர். தொப்பியில் பல்லிளிக்கிற அந்த முகம் எனக்கும் பிடிக்காது, ஊருக்காகத்தான் பார்க்கிறேன். தியாகராஜ ஆராதனைக்கு நீங்கள் வந்தபோது காரில் கடந்து போனோமே, பல் தேய்க்கும் பிரஷ் மாதிரி விளக்குக் கம்பங்கள் நிற்குமே, அந்த மைதானம்தான்.

மதுரை பெரியப்பா: பிரஷ் கம்பம். ஞாபகம் இருக்கிறது.

சிகாகோ சித்தப்பா: அண்ணே, அங்கே மணி பத்தாகிறதே, தூங்கவில்லையா? எனக்கும் நேற்று ராத்திரி தூக்கமில்லை. ஆறாவது ஆட்டம் 9-3 ஜெயித்தோம், ரஸ்ஸல் ஒருத்தரே ஆறு ரன் கொண்டுவந்தார், எல்லாம் சரி. ஆனால் 7-2 என்று முன்னால் இருக்கும்போது ஒன்பது இன்னிங்ஸில் ஏழாவதிலேயே, கடைசியில் பந்து எறிய வைத்திருக்கிற சாப்மனை எதற்கு இறக்க வேண்டும்? சரி, ஆள் பேஸில் நிற்கிறது, பயம் வந்துவிட்டது, ஒரு ஆளை எடுக்கட்டும் என்று விட்டால் எட்டாவதிலும் அவர்தான். அப்புறம் எங்கள் ரிஸ்ஸோ நம் சிக்ஸர் மாதிரி ஹோம் ரன் அடித்து 9-2 ஆன பிறகும் ஒன்பதாவதுக்கு மறுபடி அவரையே அனுப்புகிறார் எங்கள் மேனேஜர் மேடன். ஞாயிற்றுக்கிழமை 42 பந்து, நேற்று 20. 62 பந்து எறிந்த கையை வைத்துக்கொண்டு இன்றைக்கு என்ன செய்வது?

மதுரை பெரியப்பா: 62 பந்து என்றால் பத்து ஓவர் தம்பி. நம் ஊர்ப் பையன்கள் காலையில் பத்து, சாயங்காலம் பத்து போடுகிறார்கள்.

சிகாகோ சித்தப்பா: அண்ணே, இவர் பந்து ஒவ்வொன்றும் நூறு மைல். 2010-இல் ஒரு பந்து 105.1 மைல், நம் கணக்கில் 169 கிலோமீட்டர். ஷோயப் அக்தரின் 161.3-ஐ நினைத்துக்கொள்ளுங்கள், அதற்கும் மேலே. அக்தரைக் கூப்பிட்டு, நாற்பதாவது ஓவருக்கு அப்புறம் இரண்டு பக்கமும் நீதான் போட வேண்டும் என்று சொன்னால் எப்படி இருக்கும்?

மதுரை பெரியப்பா: ஓஹோ, டெத் ஓவர் ஆள். அப்படிச் சொல்.

நான்: சித்தப்பா சொல்வது சரி. ஞாயிறன்று சாப்மனிடம் எட்டு பேரை அவுட் ஆக்கக் கேட்டதில் நியாயம் இருந்தது, 3-2 ஆட்டம், தோற்றிருந்தால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும். நேற்றையது தேவையே இல்லை.

கிளீவ்லாந்து அக்கா: எங்கள் பந்து எறிகிற மில்லர் கடைசியாக எறிந்தது சனிக்கிழமை, தீபாவளி அன்று. ஞாயிறும் நேற்றும் எங்கள் மேனேஜர் பிரான்கோனா அவரைத் தொடவே இல்லை. ஆள் தூங்கி எழுந்து இட்லி சாப்பிட்டுவிட்டு வருவது போல வருவார் இன்றைக்கு 😌

எடிசன் மச்சான்: உங்கள் சாப்மன், உங்கள் மில்லர் என்று இரண்டு பேரும் உரிமை கொண்டாடுகிறீர்களே, ரெண்டும் எங்கள் கடைச் சரக்கு! ஜூலை 25 அன்று சாப்மனை சிகாகோவுக்கு விற்றோம். ஆறே நாளில், 31 அன்று, மில்லரை கிளீவ்லாந்துக்கு. ரெண்டும் இடது கை, ரெண்டும் எங்கள் நியூயார்க் யாங்கீஸ். இன்றைக்கு உலகமே பார்க்கிற ஆட்டத்தில் ரெண்டு பக்கமும் எங்கள் ஆட்கள் நிற்க, நான் எடிசனில் சோபாவில் உட்கார்ந்து பார்க்கப் போகிறேன். பந்தி பரிமாறினவனுக்குச் சோறு இல்லை.

நான்: மச்சான், நீங்கள் அழுதால் நான் என்ன செய்வது? 2014 ஜூலை 31, ஒரே நாளில் எங்கள் பாஸ்டன் அணி, பந்து எறிகிற லெஸ்டரை ஓக்லாந்துக்கும் மில்லரை பால்டிமோருக்கும் கொடுத்தது. லெஸ்டர் இன்று சித்தப்பா பக்கம், மில்லர் அக்கா பக்கம். பிரான்கோனாவும் எங்கள் பழைய மேனேஜர், கப்ஸை நடத்துகிற எப்ஸ்டைனும் எங்கள் ஆள். கோப்பை இல்லாத பாஸ்டனின் 86 வருஷ சாபத்தை 2004-இல் சேர்ந்து உடைத்தவர்கள். இப்போது எதிரும் புதிருமாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

மதுரை பெரியப்பா: இது என்ன சாபம்?

எடிசன் மச்சான்: பெரிய மாமா, அது பாஸ்டன் சாபம், தீர்ந்துவிட்டது. சிகாகோவுக்குத் தனிச் சாபம். 1945-இல் ஒருத்தர் ஆட்டுக்கும் டிக்கெட் வாங்கி மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார், ஆட்டை வெளியே அனுப்பச் சொன்னார்கள், அவர் சாபம் கொடுத்துவிட்டார் என்று கதை. அதற்கு முன்னாலும் ஒன்றும் கிழித்துவிடவில்லை, கடைசியாக ஜெயித்தது 1908-இல்.

மதுரை பெரியப்பா: அந்த ஆட்டை அன்றைக்கே அய்யனாருக்கு நேர்ந்துவிட்டிருந்தால் இத்தனை வருஷம் இழுத்திருக்காது.

சிகாகோ சித்தப்பா: 😂😂 அண்ணே இதை என் ஆபீஸில் சொல்லப் போகிறேன்.

கிளீவ்லாந்து அக்கா: விலையைப் பேசுவோம். சித்தப்பா, சாப்மனுக்கு நீங்கள் கொடுத்தது நான்கு பேர். டோரஸ் என்கிற பையனுக்கு வயது 19. ஷார்ட்ஸ்டாப், இரண்டாவது மூன்றாவது பேஸுக்கு நடுவில் நிற்கிற ஆள். அவனைக் கொடுத்து நீங்கள் வாங்கியது மூன்று மாதம். இந்த வருஷத்தோடு சாப்மன் ஒப்பந்தம் முடிகிறது, அவர் பாட்டுக்குப் போய்விடுவார். நாங்களும் நான்கு பேரைத்தான் கொடுத்தோம், ஃப்ரேஸியர், ஷெஃபீல்ட், இரண்டுமே முதல் சுற்றில் எடுத்த பையன்கள், மனசு வலிக்கத்தான் செய்தது. ஆனால் மில்லருக்கு 2018 வரை ஒப்பந்தம். வாடகைக்கு வீடு எடுப்பதற்கும் சொந்தமாக வாங்குவதற்கும் வித்தியாசம் இல்லையா?

மதுரை பெரியப்பா: பையனைக் கொடுத்து ஆளை வாங்குவதா? ஏலம் கிடையாதா?

நான்: இங்கே மாற்றிக்கொள்வதுதான் பெரியப்பா. பாதி சீசனில் ஜெயிக்கிற அணி வளர்கிற பையன்களைக் கொடுக்கும், தோற்கிற அணி பெரிய ஆளைக் கொடுக்கும். ஆளைக் கேட்பதெல்லாம் பெரும்பாலும் இல்லை, சூட்கேஸை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். நம் சூப்பர் கிங்ஸைத் தடை செய்ததும் தோனி புனே சட்டையில் வந்து நின்றாரே, அந்த மாதிரி ஒரு காட்சி இங்கே ஒவ்வொரு ஜூலையும்.

மதுரை பெரியப்பா: அந்தச் சட்டையைப் பற்றிப் பேசாதே.

சிகாகோ சித்தப்பா: கண்ணு, நீ சொல்கிற கணக்கு சரிதான். ஆனால் டோரஸ் வந்து எங்கே ஆடுவான்? ஷார்ட்ஸ்டாப்பில் ரஸ்ஸல், பக்கத்தில் பயேஸ், ரெண்டு பேரும் சின்னப் பையன்கள்தான். 103 ஆட்டம் ஜெயித்த அணி, ஒன்பதாவது இன்னிங்ஸ் மட்டும் ஓட்டை. 108 வருஷம் காத்திருந்தவனிடம் போய், இன்னும் நான்கு வருஷம் கழித்து இந்தப் பையன் நன்றாக வருவான் என்று சொல்ல முடியுமா? வாடகை வீடுதான். அந்த வீட்டில்தானே கல்யாணம் நடக்கப் போகிறது.

கிளீவ்லாந்து அக்கா: நடந்தால் 🙂

சித்தி: நான் ஒன்று சொல்லட்டுமா? வந்ததிலிருந்து இவர் சாப்மன் சாப்மன் என்கிறார். அந்த ஆளைக் குடும்ப வன்முறை விதியின் கீழ் இந்த வருஷத் தொடக்கத்தில் 30 ஆட்டம் உட்கார வைத்தார்கள். போன டிசம்பரில் அந்தச் செய்தி வந்ததும் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் வாங்காமல் விலகிக்கொண்டது, அதனால்தான் நியூயார்க்குக்கு மலிவாகக் கிடைத்தார். அதையே ஜூலையில் நல்ல விலைக்கு விற்றார்கள். வியாபாரம் என்று பார்த்தால் சாமர்த்தியம். எனக்கு அவர் வந்து நிற்கும்போது கைதட்ட வரவில்லை, அவ்வளவுதான். கப்ஸ் ஜெயிக்க வேண்டும், ஆனால் கடைசிப் பந்தை அவர் போடாமல் ஜெயித்தால் நன்றாக இருக்கும்.

எடிசன் மச்சான்: அத்தை, எங்கள் கடையைப் பற்றி நீங்கள் சொன்னது உண்மைதான். நானும் மே மாதம் அவர் திரும்பி வந்தபோது கைதட்டினவன். இப்போது யோசித்தால் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

சிகாகோ சித்தப்பா: வீட்டில் இதைப் பற்றி ஜூலையிலேயே சண்டை முடிந்தது. நான் தோற்றேன்.

கிளீவ்லாந்து அக்கா: சித்தி கட்சி நானும். ஆனால் இன்று ராத்திரி அவர் களைத்துப் போய் வந்தால் அதையும் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஒன்று கவனியுங்கள், உங்கள் மேடன் சாப்மனைக் கடைசிப் பூட்டாக வைத்திருந்துவிட்டு இப்போது பதற்றத்தில் எல்லாக் கதவுக்கும் போடுகிறார். பிரான்கோனா மில்லரை ஆரம்பத்திலிருந்தே அப்படி வைத்துக்கொள்ளவில்லை. ஐந்தாவதோ ஆறாவதோ, எங்கே தீப்பிடிக்கிறதோ அங்கே தண்ணீர். இதற்கு முந்தைய தொடரில் டொராண்டோவுக்கு எதிராக ஏழு இன்னிங்ஸும் இரண்டு அவுட்டும் எறிந்து 14 பேரை அடிக்க விடாமலே ஸ்ட்ரைக் அவுட் ஆக்கினார், ஒரு ரன் கிடையாது, தொடரின் சிறந்த ஆட்டக்காரர் பட்டமே அவருக்குத்தான். ஆறடி ஏழு அங்குலம், வளைகிற அந்த ஸ்லைடர் பந்து இடது பக்கமிருந்து வந்து முழங்காலுக்குக் கீழே ஒளிந்துகொள்ளும்.

நான்: அதே மில்லரிடம் சனிக்கிழமை கப்ஸின் ஃபௌலர் ஹோம் ரன் அடித்தார் அக்கா.

கிளீவ்லாந்து அக்கா: ஒன்றே ஒன்று. திருஷ்டிக்கு.

எடிசன் மச்சான்: எனக்கு பயம் மில்லரைப் பற்றி இல்லை, உங்களுக்கு ஆட்டத்தைத் தொடங்கி எறிகிற க்ளூபரைப் பற்றி. முதல் ஆட்டம், நான்காவது, ஏழாவது, இடையில் மூன்று மூன்று நாள்தான் ஓய்வு. இன்னொரு தொடக்க ஆள் கராஸ்கோ கையில் அடிபட்டு உட்கார்ந்திருக்கிறார், வேறு ஆள் இல்லை. கப்ஸ்காரர்கள் மூன்றாவது தடவையாக அவரைப் பார்க்கிறார்கள். அந்தப் பக்கம் தொடங்குகிற ஹென்ட்ரிக்ஸ் நிதானமான ஆள், அவரை ஏழு இன்னிங்ஸ் விட்டால் சாப்மன் தேவையே படாது.

சிகாகோ சித்தப்பா: விட்டால்தானே. மேடன் விட மாட்டார் என்று எனக்கு வயிறு சொல்கிறது.

நேற்று மதியம் எங்கள் கப்ஸின் ரிக்லி மைதானத்துக்குப் போனேன். ஆட்டம் கிளீவ்லாந்தில், இங்கே உள்ளே ஒன்றும் இல்லை, ஆனால் வெளிச்சுவர் முழுக்க ஜனங்கள் சாக்பீஸால் பெயர் எழுதுகிறார்கள். இதைப் பார்க்காமல் போய்ச் சேர்ந்த அப்பா, தாத்தா பெயரெல்லாம். எட்டுகிற இடமெல்லாம் நிரம்பிவிட்டது, ஒரு பையன் அப்பா தோளில் ஏறி எழுதினான். நான் 1989-இல் வந்தபோது பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருத்தர் வாசலில் ரேடியோவை வைத்துக்கொண்டு எனக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தார். அந்த வருஷம் பிரிவில் முதலிடம் வந்து தோற்றார்கள். அடுத்த வருஷம் பார் என்றார். ஒவ்வொரு வருஷமும் அதையேதான் சொன்னார். அவர் பெயரை முழங்கால் உயரத்தில், ஒரு குழாய்க்குப் பின்னால் இடம் பார்த்து எழுதிவிட்டு வந்தேன். பேன்ட்டில் இன்னும் நீலச் சாக்பீஸ்.

சித்தி: துவைக்கப் போட மாட்டேன் என்கிறார். இன்னொன்றும் கேளுங்கள். தீபாவளி அன்று அதிரசம் சாப்பிட்டுக்கொண்டு பார்த்தார், கப்ஸ் தோற்றது. ஞாயிறு முறுக்கு, ஜெயித்தது. நேற்று முறுக்கு, ஜெயித்தது. இப்போது டப்பாவை யாரும் தொடக் கூடாது என்று உத்தரவு. ஏழு முறுக்கு இருக்கிறது.

மதுரை பெரியப்பா: நான் படுக்கிறேன். இங்கே காலை ஐந்தரைக்கு ஆரம்பம் என்று பேரன் சொன்னான். எழுந்துவிடுவேன்.

அதே நாள், இரவு

நான்: முதல் ஆளே ஹோம் ரன்! ஃபௌலர்!!

எடிசன் மச்சான்: க்ளூபர் பந்தில் உயிர் இல்லை. சொன்னேனே.

சிகாகோ சித்தப்பா: 5-1. நான் எதுவும் பேசப் போவதில்லை.

சிகாகோ சித்தப்பா: ஏன் ஹென்ட்ரிக்ஸை எடுக்கிறார்???? ஐந்தாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட், ஒரே ஒரு ஆளுக்கு வாக், சும்மா பேஸ் போனது, அதற்குள்ளா!!

கிளீவ்லாந்து அக்கா: ஒரே பந்து, கேட்சர் முகமூடியில் பட்டு ஓடியது, இரண்டு ரன் 🙏🙏 5-3

நான்: லெஸ்டர் எறிந்த பந்து. எங்கள் பழைய ஆள். நான் யாருக்குக் கத்துவது என்றே தெரியவில்லை.

எடிசன் மச்சான்: மில்லரை அடித்தது யார் பார்த்தீர்களா மதினி? கப்ஸ் கேட்சர் ராஸ். வயது 39, இந்த ஆட்டத்தோடு ஓய்வு. 6-3.

கிளீவ்லாந்து அக்கா: பார்த்தேன்.

சிகாகோ சித்தப்பா: எட்டாவதில் இரண்டு அவுட். சாப்மன் வருகிறார். முறுக்கு இன்னும் மூன்று.

நான்: 6-4. பந்தில் வேகம் இருக்கிறது, ஆனால் எல்லாம் ஒரே மாதிரி வருகிறது.

எடிசன் மச்சான்: கிளீவ்லாந்தின் டேவிஸ் பேட்டை எவ்வளவு மேலே பிடித்திருக்கிறார் பாருங்கள், கைப்பிடிக்குக் கீழே ஒரு ஜாண் கட்டை தொங்குகிறது.

கிளீவ்லாந்து அக்கா: ஐயோ ஐயோ ஐயோ போய்விட்டது!!!! 6-6!!!! ஊரே கத்துகிறது, ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறேன், கேட்கிறது

சித்தி: இவர் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். டப்பாவையும் எடுத்துக்கொண்டு.

மதுரை பெரியப்பா: என்ன, தார்ப்பாய் விரிக்கிறார்கள்?

நான்: மழை பெரியப்பா. ஒன்பது முடிந்து 6-6.

மதுரை பெரியப்பா: டக்வொர்த் லூயிஸ் படி யார்?

எடிசன் மச்சான்: இங்கே அதெல்லாம் கிடையாது மாமா. நிற்கும்வரை காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நான்: பதினேழு நிமிஷம்தான், திரும்ப வருகிறார்கள்.

எடிசன் மச்சான்: கப்ஸின் ஸோப்ரிஸ்ட்! இடது பக்கக் கோட்டோரம்! 7-6. அடுத்து மொன்டேரோ, 8-6.

கிளீவ்லாந்து அக்கா: டேவிஸ் மறுபடி. 8-7. மூச்சு விட முடியவில்லை.

நான்: கப்ஸுக்குப் பந்து எறிய மான்ட்கோமரி வருகிறார். அவரும் இந்த ஜூலையில் சியாட்டிலிலிருந்து வாங்கிய ஆள்தான், அதைப் பற்றி மதியம் ஒருத்தரும் பேசவே இல்லை.

நான்: முடிந்தது. 8-7.

மதுரை பெரியப்பா: தம்பி எங்கே? தம்பி?

சித்தி: அழுகிறார். பேசுவார், இருங்கள். கடைசிப் பந்தை அந்த ஆள் போடவில்லை, எனக்கு அது போதும்.

எடிசன் மச்சான்: அத்தை, கோபப்படாதீர்கள், வெற்றிக் கணக்கு சாப்மன் பெயரில்தான் ஏறுகிறது. அணி முன்னுக்குப் போனபோது கடைசியாக எறிந்திருந்தவர் அவர்.

சித்தி: எட்டாவதில் கோட்டை விட்டவருக்கா?! இந்த விதியை எழுதியவரை ஒரு நாள் வீட்டுக்குக் கூப்பிடுங்கள், பேச வேண்டும்.

சிகாகோ சித்தப்பா: அண்ணே, ஜெயித்துவிட்டோம். கண்ணு, தூங்கிவிட்டாயா?

கிளீவ்லாந்து அக்கா: இல்லை சித்தப்பா. மில்லருக்கு இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது, அதை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வாழ்த்துகள், உண்மையாகவே.

சிகாகோ சித்தப்பா: சனிக்கிழமை காரை எடுத்துக்கொண்டு வருகிறோம். டப்பாவில் ஒரு முறுக்கு மிச்சம் இருக்கிறது, உனக்கு.