கிளிசரினில் பொம்மை நகரவில்லை, உதவுங்கள்

கண்ணாடித்தொட்டி: அவசரம். நாளை மறுநாள் கல்லூரிக் கண்காட்சி. விந்தணு நீந்துவதைக் காட்ட மோட்டார் வைத்து ஒரு பொம்மை செய்தேன். தண்ணீரில் ஓடுகிறது. விந்தணுவின் அளவுக்குத் தண்ணீரே பாகுபோல என்பதால் கிளிசரினில் விட்டால், நின்ற இடத்திலேயே ஆடுகிறது. எங்கே தவறு?

மின்சுற்று: தண்ணீரைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் பாகானது கிளிசரின். மோட்டார் திணறுகிறது. 3 வோல்ட் என்றால் 6 கொடுங்கள்.

நீர்வழி: வால் எதில் செய்தது? நீளம்? எவ்வளவு வேகமாக வீசுகிறது?

கண்ணாடித்தொட்டி: 6 வோல்ட் கொடுத்தேன், ஆட்டம்தான் கூடியது. வால் 6 செ.மீ. பற்சக்கரம் போட்டதால் மெதுவாகத்தான் வீசும்.

பேரா_ஓய்வு: தம்பி, பாடத்தைப் படித்துவிட்டு மோட்டாரைத் தொட்டிருக்க வேண்டும். 1977இல் இயற்பியலாளர் எட்வர்ட் பர்செல் விளக்கிய சிப்பித் தேற்றம் இது. பாகுத்தன்மை ஆளும் இடத்தில் நிலைமம் எடுபடாது. போன வழியே திரும்பும் அசைவு தன்னையே அழித்துக்கொள்ளும். வேகமாகப் போய் மெதுவாகத் திரும்பினாலும் அதேதான். வோல்ட்டைக் கூட்டச் சொல்பவர்களுக்கு இந்த அடிப்படை தெரியவில்லை.

மின்சுற்று: ஐயா, பாக்டீரியாவும் வாலை ஆட்டித்தானே போகிறது?

பேரா_ஓய்வு: ஆட்டவில்லை, சுழற்றுகிறது. 1973இலேயே பெர்க், ஆண்டர்சன் என்ற ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள்.

மின்சுற்று: பிறகு ஏன் பாக்டீரியாவின் வாலைக் கசையிழை என்கிறோம்? கசை என்றால் சவுக்கு. சவுக்கு சுழலுமா? விந்தணு வாலுக்கும் இதே பெயர். படிக்கிற பிள்ளை குழம்பாதா?

சொல்தேடி: லத்தீன் மூலத்திலும் சவுக்குதான். பாக்டீரியாவுக்குச் சுழலிழை என்று தனிச்சொல் வைக்கலாம்.

பேரா_ஓய்வு: ஊன்றிவிட்ட கலைச்சொல்லை மாற்றக் கூடாது.

நீர்வழி: கேட்டவரை மறந்துவிட்டோம். வால் எதில் செய்தது என்று இன்னும் சொல்லவில்லை. விறைப்பாக இருந்தால் அதுதான் சிக்கல். வளையும் வாலில் அடி திரும்பிய பிறகும் நுனி பின்தங்கி வரும். அதனால் போகும் வடிவம் வேறு, திரும்பும் வடிவம் வேறு. அடியிலிருந்து நுனிக்கு அலை ஓடும். அந்த அலைதான் தள்ளுகிறது. மிகவும் தொளதொளவென்றாலும் ஆகாது: வளைவு அடியருகிலேயே அடங்கி, மீதி வால் சும்மா இழுபடும். 2005இல் காந்தத் துகள்களை டி.என்.ஏ.வால் கோத்து, இரத்தச் சிவப்பணுவில் ஒட்டி, காந்தப்புலத்தால் நீந்தவைத்ததும் இந்த வளைவை நம்பித்தான். வால் வளையத் தொடங்கிவிட்டால் மின்சுற்று சொன்ன வேகமும் முக்கியம். வேகம் மாறினால் வளைவும் மாறும். இன்னொன்று: உண்மை விந்தணுவில் வால் நெடுகிலும் டைனீன் என்ற புரத மோட்டார்கள் உண்டு. உங்கள் பொம்மையில் அடியில் மட்டும். பார்க்க வருபவர்களிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

கண்ணாடித்தொட்டி: பழைய ஏ.டி.எம். அட்டையை வெட்டிய வால். எக்ஸ்ரே பிலிம் வைத்தேன். மெதுவாக நகர்கிறது. நன்றி.