ஹீட் பம்ப் போட்ட வீட்டில் அப்பளம் நமத்துப் போகிறது

மீனா_கேரி:

எல்லோருக்கும் வணக்கம். போன வருடம் மினியாபோலிஸிலிருந்து வட கரோலினாவில் ராலே பக்கத்துக் கேரிக்குக் குடிவந்தோம். தொண்ணூறுகளில் கட்டிய வீடு, 1,900 சதுர அடி, ஒரே தளம். தரைக்கு அடியில் ஆள் தவழ்ந்து போகிற உயரத்துக்குக் கிரால் ஸ்பேஸ். பழைய மெஷின் ஏப்ரலில் உயிரை விட்டது. அது இரண்டரை டன். புது ஹீட் பம்ப் போட வந்தவர், "இந்த ஊர் வெயிலுக்கு நாலு டன் போட்டுக்கொள்ளுங்கள், சட்டென்று குளிர்ந்துவிடும்" என்றார். பெரியது நல்லதுதானே என்று நாங்களும் தலையாட்டிவிட்டோம்.

குளிர்வதில் ஒரு குறையும் இல்லை. 74 டிகிரி வைத்தால் (செல்சியஸில் 23 சொச்சம்) எட்டு நிமிடம் ஓடி நின்றுவிடுகிறது. ஆனால் வீடு முழுக்க ஒரே பிசுபிசுப்பு. படுக்கை விரிப்பு சரியாகக் காயாமல் மடித்து வைத்ததுபோல் சில்லென்று ஒட்டுகிறது. பீரோவைத் திறந்தால் பட்டுப்புடவைகளில் ஈர வாடை. ஊரிலிருந்து வந்திருக்கும் அத்தை பத்து மணிக்குப் பொரித்த அப்பளம், பன்னிரண்டு மணிக்குச் சாப்பிட உட்காரும்போது தோல்போல் வளைகிறது. உப்பு ஜாடியில் கரண்டி குத்திட்டு நிற்கிறது. "கும்பகோணத்தில் ஐப்பசி அடைமழையில்கூட உப்பு இப்படிக் கட்டியாகாதடி" என்கிறார்.

பன்னிரண்டு டாலருக்கு ஓர் ஈரப்பத மீட்டர் வாங்கி ஹாலில் வைத்தேன். 66 சதவீதம் காட்டுகிறது.

இது ஹீட் பம்ப் என்பதால்தான் இப்படியா? பேரிலேயே ஹீட் இருக்கிறதே, சாதா ஏசி போட்டிருக்க வேண்டுமோ? அத்தையும் தினம் இதைத்தான் கேட்கிறார், எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

எடிசன்_பாலு:

எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஹீட் பம்ப் குளிர்காலத்துக்கான சாமான். இப்போதைக்குக் காற்றின் ஈரத்தை உறிஞ்சுகிற 50 பைன்ட் டீஹியூமிடிஃபையர் ஒன்று வாங்கி ஹாலில் வைத்துவிடுங்கள், வேலை முடிந்தது.

அட்லாண்டா_கம்ப்ரசர்:

பாலு சார், முதல் பாதி தப்பு, இரண்டாம் பாதி பாதி சரி.

நான் அம்பத்தூரில் ஒரு பட்டறையில் கம்ப்ரசர் பிரிக்கக் கற்றுக்கொண்டவன், இங்கே வந்து இருபது வருடமாக இதே தொழில். மீனாம்மா, கோடையில் ஹீட் பம்ப்பும் ஏசியும் ஒன்றேதான். ஹீட் பம்ப்பில் ஒரு ரிவர்சிங் வால்வு கூடுதல், அது கேஸ் ஓடும் திசையை மாற்றிக் குளிர்காலத்தில் வெளியிலுள்ள சூட்டை உள்ளே கொண்டுவரும். இந்த ஹீட் பம்ப்பைக் கழற்றிவிட்டு நாலு டன் சாதா ஏசி மாட்டினாலும் அத்தையின் அப்பளம் நமத்துத்தான் போகும்.

விஷயம் அந்த நாலு டன்னில் இருக்கிறது. ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளர் உடனே வேர்க்காது. உலோகம் குளிர வேண்டும், பனித்துளி கோக்க வேண்டும், துளி பெருத்து வழிய வேண்டும். மெஷினுக்குள் காற்றைக் குளிர வைக்கும் குழாய்ச் சுருளை 'காயில்' என்போம், அதுவும் அப்படித்தான். முதல் பத்துப் பதினைந்து நிமிடத்தில் பிடிக்கிற தண்ணீர் காயிலின் தகடுகளிலேயே ஒட்டி நிற்கும். அதற்கப்புறம்தான் தட்டில் விழுந்து குழாய் வழியாக வெளியேறும். மூன்று டன் மெஷின் புழுக்கமான நாளில் விடாமல் ஒரு மணி நேரம் ஓடினால் மூன்று நான்கு லிட்டர் பிழியும். உங்களுடையது எட்டு நிமிடத்தில் நின்றுவிடுகிறது. சூட்டை எடுத்துவிட்டது, ஈரத்தை எடுக்க நேரம் கொடுக்கவில்லை. தெர்மோஸ்டாட்டுக்குத் தெரிந்ததெல்லாம் டிகிரி மட்டும்தான்.

இரண்டு கேள்வி. தெர்மோஸ்டாட்டில் ஃபேன் ஆனில் இருக்கிறதா, ஆட்டோவிலா? வெளியே ஒரு பிளாஸ்டிக் டிரெயின் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். இன்று இரவு அதன் கீழ் ஒரு வாளி வைத்து, மெஷின் ஓடி முடிந்ததும் எவ்வளவு விழுந்தது என்று சொல்லுங்கள்.

(தலைப்புக்கு வெளியே ஒன்று. ஏர் கண்டிஷனிங் என்ற சொல்லையே உங்கள் மாநிலத்துக்காரர்தான் உண்டாக்கினார். சார்லட்டில் இருந்த ஸ்டுவர்ட் கிரேமர், 1906இல். நூல் அறாமலிருக்கப் பஞ்சாலைக் காற்றில் ஈரத்தை ஏற்றுவது அவர் வேலை. அதற்கு நான்கு வருடம் முன்பு, 1902இல், புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்காக வில்லிஸ் கேரியர் செய்தது ஈரத்தை இறக்கும் வேலை. குளிர்ச்சிக்காக இல்லை, காகிதம் உப்பி அச்சு விலகாமல் இருப்பதற்காக.)

மீனா_கேரி:

வாளி வைத்தேன் அண்ணா. இரவு ஒன்பதரைக்கு டார்ச்சும் கொசுவத்தியுமாகப் போய் உட்கார்ந்தேன். மெஷின் ஓடியது, நின்றது. ஒரு சொட்டு விழவில்லை! குழாய் வாயில் ஒரே ஒரு துளி திரண்டு தொங்கிக்கொண்டே இருந்தது. அடுத்த முறை ஓடியபோது அதுவும் உள்ளே போய்விட்டதோ என்னவோ, காணோம்.

ஃபேன் ஆனில்தான் இருந்தது. மாட்டியவர்தான் "எப்போதும் ஓடினால் காற்று சுத்தமாக இருக்கும்" என்று வைத்துவிட்டுப் போனார்.

அட்லாண்டா_கம்ப்ரசர்:

அந்தத் தொங்கும் துளியில்தான் கதை முழுக்க இருக்கிறது. காயிலில் ஒட்டிய தண்ணீரை, கம்ப்ரசர் நின்ற பிறகும் சுழலும் ஃபேன் மறுபடி ஆவியாக்கி உங்கள் ஹாலுக்கே அனுப்புகிறது. பிடித்ததை முழுக்கத் திருப்பிக் கொடுக்கிறீர்கள். ஃபுளோரிடா சோலார் எனர்ஜி சென்டர்காரர்கள் இதை அளந்தே காட்டியிருக்கிறார்கள்.

இப்போதே ஆட்டோவுக்கு மாற்றுங்கள். செலவு இல்லை. அப்புறம் கம்பெனிக்காரரைக் கூப்பிட்டு உள் ஃபேனின் வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். பொதுவாக டன்னுக்கு 400 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு அத்தனை கன அடி காற்று) வைப்பார்கள். நம் மாதிரிப் புழுக்க ஊர்களுக்கு 350 போதும். காற்று மெதுவாகப் போனால் காயில் இன்னும் குளிரும், கூடுதலாக வேர்க்கும்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். பிசுபிசுக்கிறதே என்று 68க்குத் தள்ள வேண்டாம். அப்போது சுவரும், குளிர்காற்று போகும் டக்ட் குழாயும் குளிர்ந்துபோய் அங்கே வேர்க்கும், பூஞ்சை அதற்காகவே காத்திருக்கிறது.

எடிசன்_பாலு:

சரி, ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓடும் இன்வர்ட்டர் மாடல் வாங்கியிருந்தால் இந்தத் தலைவலியே இல்லையா?

அட்லாண்டா_கம்ப்ரசர்:

நின்று நின்று ஓடாது, அது பெரிய நன்மை. ஆனால் மெதுவாக ஓடும்போது காயில் போதுமான அளவு குளிராமல் போகலாம். மின்சாரம் மிச்சம், ஈரம் மிச்சம், இரண்டும் மிச்சம்! ஈரப்பதத்தைப் பார்த்து ஃபேனைக் குறைக்கும் தெர்மோஸ்டாட் இருந்தால்தான் அதன் முழுப் பலன் கிடைக்கும். எந்த மாடலானாலும், மேனுவல் ஜே கணக்கு (வீட்டுக்கு எவ்வளவு குளிர்ச்சி தேவை என்று கணக்கிடும் முறை) போட்டு டன்னைச் சொல்லாதவரிடம் வாங்காதீர்கள். சதுர அடியைக் கேட்டுவிட்டு உடனே டன்னைச் சொல்பவர் ஜோசியர்.

டர்ஹம்_ஜெயா:

மீனா அக்கா, யாரும் கிரால் ஸ்பேஸைப் பற்றிப் பேசவில்லையே! நாங்கள் பட்ட பாடு அது. சுற்றுச்சுவரில் வென்ட் திறந்திருக்கிறதா? காற்றோட்டம் வந்தால் காயும் என்று வைத்தது. நம் ஊர் ஜூலையில் வெளிக்காற்றின் பனிநிலை, அதாவது அதிலுள்ள ஈரம் துளியாகத் தொடங்கும் வெப்பநிலை, 70 டிகிரியைத் தாண்டும். தரைக்கு அடியில் மண்ணும் ஏசி டக்ட்டும் அதைவிடக் குளிர்ச்சி. ஆக, அந்த வென்ட் வழியாகத் தண்ணீரைத்தான் உள்ளே விடுகிறோம். அது பலகை இடுக்கு வழியாக வீட்டுக்குள் ஏறிவிடும்.

ராலேயில் இருக்கும் அட்வான்ஸ்டு எனர்ஜி நிறுவனம் பிரின்ஸ்வில் ஊர் வீடுகளில் இதை ஆராய்ந்தது. வென்ட்டை அடைத்து, மண்மேல் கனமான பிளாஸ்டிக் விரித்து மூடிய வீடுகளில் அடித்தளம் காய்ந்தே இருந்தது, ஏசி செலவும் குறைந்தது. ஆனால் வென்ட்டை மட்டும் அடைத்துவிட்டு உட்காரக் கூடாது. முதலில் தண்ணீர் தேங்குகிறதா பாருங்கள், பிளாஸ்டிக் விரியுங்கள், பாலு அண்ணா சொன்ன டீஹியூமிடிஃபையரை அங்கே வையுங்கள். ஹாலில் வைத்தால் ஒரு லிட்டர் பிழிவதற்குள் ஏறக்குறைய ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சமமான சூட்டை உங்கள் மேலேயே கக்கும். கேஸ் வாட்டர் ஹீட்டர் கீழே இருந்தால் விவரம் தெரிந்தவரைக் கேட்காமல் எதையும் அடைக்காதீர்கள். கரையான் பார்க்க வருகிறவருக்காகச் சுவரின் மேல்பக்கம் மூன்று அங்குலம் பிளாஸ்டிக் இல்லாமல் விட வேண்டும், அதையும் மறக்க வேண்டாம்.

மீனா_கேரி:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

ஃபேனை ஆட்டோவில் போட்ட நான்காம் நாள் 61 சதவீதம். காசில்லாமல் ஐந்து புள்ளி இறங்கியதில் என் வீட்டுக்காரருக்கு உற்சாகம் வந்து, பழைய சட்டையை மாட்டிக்கொண்டு கிரால் ஸ்பேஸுக்குள் தவழ்ந்தார். மீட்டரை உள்ளே தள்ளினால் 88. பழைய பிளாஸ்டிக் எலி கடித்ததுபோல் கிழிந்து, பாதி மண் வெறுமனே கிடக்கிறது. சமையலறைக்குக் கீழே ஒரு டக்ட்டின் உறை கழன்று தொங்க, அந்த இடத்திலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். நான் வெளியே வாளி வைத்துக் காத்திருந்த தண்ணீர் இங்கே விழுந்துகொண்டிருக்கிறது! கேஸ் ஹீட்டர் கிடையாது, எல்லாம் கரண்ட்தான்.

உறையைச் சரிசெய்து, பிளாஸ்டிக் விரித்து, வென்ட்டை அடைத்து, கீழே டீஹியூமிடிஃபையர் வைத்தாயிற்று. ஹாலில் இப்போது 54. 76இல் வைத்தாலே போதுமாக இருக்கிறது, அத்தை இரவில் போர்வை கேட்கிறார்.

கம்பெனிக்காரர் வந்தார். நாலு டன் கூடுதல் என்பதை மட்டும் கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை. ஃபேன் வேகத்தைக் குறைத்துக் கொடுத்தார், அதற்கு 129 டாலர். ஜெயா, பிளாஸ்டிக் விரித்த ஆளின் வேலை நன்றாக இருந்தது, எண் வேண்டுமானால் தனியாக அனுப்புகிறேன். உப்பு ஜாடியை அடுப்புப் பக்கத்திலிருந்து நகர்த்தச் சொன்னால் அத்தைதான் கேட்க மாட்டேன் என்கிறார்.