இசைத்தட்டு, கேசட்டு: இன்னும் காதுல நிக்கிற சத்தம்
(பழைய பாட்டு ரசிகர்கள் ஊர் பேர்ல எழுதிக்கிறது)

முத்தியால்பேட்டை:
சண்டே மார்க்கெட்ல ஒரு ஜமைக்கா ரெக்கே பாட்டு, நிமிஷத்துக்கு 45 சுத்து ஓடற '45' தட்டு. பின்பக்கம் ஓடினதும் கடைக்காரர், "இந்தப் பக்கம் பாட்டு அழிஞ்சி போச்சி, பாதி வெலைக்கு எடுத்துக்கோங்க"ன்னார். அழியவே இல்ல. ஜமைக்காவுல பின்பக்கத்தை 'வெர்ஷன்'னு போடுவாங்க. குரலை எடுத்துட்டு டிரம்மும் பேஸும் மட்டும், மேல மைக் பிடிச்சிப் பேச வசதியா. பாடகர் குரல் ஒரு வரி தலை காட்டிட்டு எதிரொலியோட மறையும் பாருங்க, அதை அழிஞ்ச பாட்டுன்னு சொல்ல எப்படி மனசு வரும்!
சுருதி அலைஞ்சது நெஜம். தட்டோட ஓட்டை சரியா நடுவுல விழலைன்னா ஆர்ம் (ஊசியைத் தாங்கற கை) இடமும் வலமும் ஆடும். பெரிய ஓட்டையை அடைக்கிற அடாப்டரை எடுத்துடுங்க. தட்டோட ஓட்டை 38 மி.மீ., நடுக்கம்பி 7 மி.மீ.தான், நகர்த்த நெறைய எடம் இருக்கு. ஆர்ம் ரொம்ப வெளிய போற எடத்துல நிறுத்தி, ஊசியைத் தூக்கி, அந்த விளிம்பை நடுக்கம்பிப் பக்கமா இம்மி தள்ளணும். ஆட்டம் நிக்கிற வரைக்கும் இதையே செய்யுங்க. தட்டுக்கு அடியில போடற மேட் ரப்பரா இருக்கட்டும், இல்லன்னா வழுக்கிடும்.

தேவனாம்பட்டினம்:
தெருக்கூத்து கேசட்டு ஒண்ணு, முகவீணை போர்வைக்குள்ள ஊதற மாதிரி. நாடா தேய்ஞ்சிடுச்சின்னு எல்லாரும் கைவிட்டது. டேப் மெஷின்ல நாடாவைத் தொட்டுப் படிக்கிற ஹெட்டுக்குப் பக்கத்துல ஸ்பிரிங் போட்ட சின்ன ஸ்க்ரூ இருக்கும். அதைக் கால் சுத்துக்கும் கம்மியா திருப்பினதும் முகவீணை எழும்பி வந்துச்சி, தாளத்தோட ஒவ்வொரு தட்டும் தனித்தனியா விழுந்துச்சி. பதிஞ்ச மெஷின்ல ஹெட் சாய்ஞ்சிருந்தா நம்ம ஹெட்டும் அதே சாய்வுக்கு வரணும், அவ்வளவுதான். மோனோவுல (ரெண்டு சேனலும் ஒண்ணா) வெச்சி மேல் ஓசையை மட்டும் கவனிச்சித் திருப்புங்க. பழைய நிலையை நெயில் பாலிஷ்ல குறிச்சிக்கிட்டா திரும்பி வந்துடலாம்.

வில்லியனூர்:
ஸ்க்ரூவைத் தொடறதுக்கு முன்னாடி கேசட்டு ஜன்னல் வழியா நாடாச் சுருளைப் பாருங்க. நம்ம கடல் காத்துக்கு வெள்ளையா பூஞ்சை படியும். அப்படியே ஓட்டினா ஹெட்ல ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும். மூலைக்கு ஒண்ணு, நடுவுல ஒண்ணுன்னு அஞ்சு ஸ்க்ரூ. கழட்டி ரெண்டு சுருளையும் வேற கேசட்டுக் கூட்டுக்கு மாத்துங்க, நாடாவை ஹெட்டோட அழுத்தற ஃபெல்ட் பேடு ஒட்டிக்கிட்டிருக்கான்னும் பாருங்க. தட்டுக்கு இவ்வளவு தொல்லையே இல்ல, எதுவா இருந்தாலும் ஸ்பிரிட் தொட்டுத் துடைச்சா போதும்.

கடலூர் ஓ.டி.:
வில்லியனூர் அண்ணே, கேசட்டு பத்தி சொன்னது சரி. தட்டு பத்தி சொன்னதை யாரும் செஞ்சிடாதீங்க. 78 தட்டு, அதாவது நிமிஷத்துக்கு 78 சுத்து ஓடற பழைய தட்டு, அரக்கு. ஸ்பிரிட்ல கரையும். 1960-கள்ல பீட்டில்ஸ் பாட்டு நம்ம நாட்டுல 78-லயும் வந்துச்சி, பார்லஃபோன் லேபிள். அதுல ஒண்ணை ஒருத்தர் கண்ணெதிர்ல பஞ்சுல ஸ்பிரிட் தொட்டுத் துடைச்சார். பஞ்சு மை மாதிரி கருத்துப் போச்சி. கருத்தது அழுக்கு இல்ல, தட்டேதான். துடைச்ச எடம் முழுக்கப் பளபளப்பு போயி, அதுக்கப்புறம் இரைச்சல் மட்டுந்தான்.
ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டர், பாத்திரம் கழுவற லிக்விட் ரெண்டு சொட்டு. மெல்லிசான பிரஷ்ஷால கோடு போற திசையிலயே தேயுங்க, குறுக்கால வேணாம். லேபிள் நனையக் கூடாது. ஊற வைக்காதீங்க. வெறும் டிஸ்டில்டு வாட்டர்ல அலசி, நிமித்தி வெச்சி நெழல்ல காய விடுங்க. ஸ்பிரிட்டை கேசட்டு மெஷின் ஹெட்டுக்கும், நாடாவை இழுக்கற கம்பியான கேப்ஸ்டனுக்கும் வெச்சிக்கோங்க.

வில்லியனூர்:
வினைல் பிளாஸ்டிக் தட்டை மனசுல வெச்சித்தான் சொன்னேன்.

கடலூர் ஓ.டி.:
"எதுவா இருந்தாலும்"னு எழுதியிருக்கீங்களே அண்ணே. பிரிச்சி எழுதுங்க, படிக்கிறவங்க வீட்டுல தாத்தா காலத்துத் தட்டு இருக்கும்.

லாஸ்பேட்டை:
கழுவினாலும் எல்.பி. (நீளமா ஓடற வினைல் தட்டு) ஊசியில 78-ஐப் போட்டா இரைச்சல் போகாது. அந்த முனை 0.7 மில் (மில்னா அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்கு), 78-ஓட அகலக் கோட்டோட அடியில தூசில உரசும். 3 மில் ஊசி வாங்கணும். மெஷின்ல 78 வேகம் இல்லன்னா 45-ல ஓட்டிப் பதிஞ்சி, கம்ப்யூட்டர்ல வேகத்தை 1.733 மடங்கு ஆக்குங்க. சுருதியை மாத்தாம வேகம் கூட்டற ஆப்ஷன் வேணாம், ரெண்டும் சேர்ந்தே ஏறணும்.