கொன்ட்ரோலர் வைஃபை: 12 ஏபியில (வைஃபை குடுக்கிற பெட்டி) 6 தான் எழும்புது, மாணவர் வைஃபையில ஐபி வருகுதில்லை

பரந்தன்: கிளிநொச்சியில ஒரு பயிற்சி நிலையம். 24 போர்ட் பிஓஇ சுவிட்ச் (நெட்வேர்க் கேபிளாலயே கரண்டும் குடுக்கிறது), பவர் பட்ஜெட் 195 வாட். 802.3ஏடி (போர்ட்டுக்கு 30 வாட் வரைக்கும் குடுக்கிற பிஓஇ தரம்) ஏபி 12. சுவிட்சும் ஏபியும் ஒரே கொன்ட்ரோலர்ல (எல்லாத்தையும் ஒரு இடத்தில இருந்து அமைக்கிறது). முதல் 6 ஏபி எழும்புது, மிச்சத்தில லைட்டே இல்லை. ஊழியர் வைஃபை நல்லா ஓடுது. மாணவர் வைஃபையில லப்டொப் இணைஞ்சும் 169.254 ஐபி (முகவரி கிடைக்காட்டி லப்டொப் தானே போட்டுக்கொள்ளுறது) தான் எடுக்குது. வீலான் (ஒரே கேபிளில தனித்தனியாப் பிரிச்ச நெட்வேர்க்) 10 நிர்வாகம், 20 ஊழியர், 30 மாணவர்.

மாங்குளம்: ஏபி எழும்பாதது வெறும் கணக்கு. ஏபி 12 வாட் எடுத்தாலும் சுவிட்ச் அதின்ர கிளாசை (பவர் வகையை) பார்த்து 30 வாட் ஒதுக்கி வைக்குது. ஆறுக்கு 180, ஏழாவதுக்கு மிச்சம் 15 தான். போர்ட் புரொஃபைல்ல எல்எல்டிபி பவரை (ஏபி தனக்கு வேண்டிய வாட்டை சுவிட்சுக்குச் சொல்லுறது) ஓன் பண்ணுங்கோ. அது சரிவராட்டி போர்ட்டுக்கு 15.4 வாட் வரம்பு போடுங்கோ, 12க்கும் 184.8 வரும். ஆனா அப்ப ஏபிக்குப் போய்ச் சேருறது 12.95 வாட். சில மொடல் அதில ஒரு ரேடியோவை நிப்பாட்டிப்போடும், டேட்டாஷீட்டைப் பார்த்திட்டுச் செய்யுங்கோ.

நெடுங்கேணி: ஐபி விசயத்தில முதல் பார்க்கவேண்டியது, மாணவர் எஸ்எஸ்ஐடி (வைஃபை பேர்) டனலா லோக்கலா எண்டு. டனல் எண்டா ட்ராஃபிக் யுடிபி 5247ல கொன்ட்ரோலருக்குப் போய் அங்க தான் வீலானுக்குள்ள இறங்கும். ஏபி போர்ட்டில 30 தேவையில்லை. லோக்கல் எண்டா ஏபி போர்ட்டிலயே இறங்கும். அப்ப அந்த போர்ட்டில 10 அன்டேக் (வீலான் இலக்கம் ஒட்டாமல்), 20உம் 30உம் டேக் (இலக்கம் ஒட்டி). 10ஐ டேக் பண்ணிப்போடாதேங்கோ, ஏபி கொன்ட்ரோலரைக் காணாது.

லப்டொப்பை மாணவர் வைஃபையில இணைச்சுப்போட்டு சுவிட்சின்ர மேக் டேபிளை (எந்தக் கருவி எந்தப் போர்ட்டில, எந்த வீலானில எண்டு காட்டுறது) பாருங்கோ. மேக் முகவரியை கொன்ட்ரோலரின்ர கிளையன்ட் லிஸ்ட்டில இருந்து எடுங்கோ. இப்ப கருவிகள் வைஃபைக்கு வைஃபை வேற மேக் காட்டும், ஸ்டிக்கர்ல இருக்கிறது உதவாது.

பரந்தன்: லோக்கல் தான். போர்ட் 3, வீலான் 30ல மேக் தெரியுது. ரவுட்டருக்குப் போற போர்ட் 24ல 10உம் 20உம் மட்டும் தான் இருக்கு.

நெடுங்கேணி: அப்ப டிஎச்சிபி (கருவிக்கு ஐபி குடுக்கிற முறை) கேட்கிற பக்கெட் போர்ட் 24ல செத்துப்போகுது. அதில 30ஐ டேக்கா சேருங்கோ, ரவுட்டர்லயும் 30க்கு இன்டர்ஃபேசும் டிஎச்சிபி ஸ்கோப்பும் (குடுக்கிற ஐபிகளின்ர தொகுதி) இருக்கவேணும். சுவிட்சுக்குள்ள நேர போய் மாத்தாதேங்கோ. கொன்ட்ரோலர் அடுத்த முறை கொன்ஃபிக் தள்ளேக்க அழிச்சுப்போடும். சேர்க்கேக்க 10 கழண்டால் சுவிட்சே கொன்ட்ரோலரை விட்டுப் போயிடும், பிறகு கொன்சோல் கேபிளோட தான் போகவேணும். சேவ் பண்ண முதல் ரெண்டு தரம் பாருங்கோ.

மாங்குளம்: மாணவர் ஸ்கோப் /24 (254 முகவரி) எண்டா லீஸை (ஒரு கருவி ஐபியை வைச்சிருக்கிற நேரம்) 2 மணித்தியாலமாக்குங்கோ. 24 மணித்தியாலம் வைச்சா, வந்திட்டுப் போன போன்களும் முகவரியைப் பிடிச்சு வைச்சிருக்கும்.

பரந்தன்: 30 போட்ட உடன ஐபி வந்திட்டுது. எல்எல்டிபி ஓன் பண்ணி 12 ஏபியும் எழும்பியிட்டுது. ரெண்டு ஏபி பக்கத்துக் கட்டடத்தில, வெளியால ஓடுற செப்புக் கேபிள். அது பரவாயில்லையோ?

மாங்குளம்: ஒக்டோபர், நவம்பர் இடிமின்னலுக்கு அது தாங்காது தம்பி. கட்டடத்துக்குக் கட்டடம் ஃபைபர் இழுத்து எஸ்எஃப்பியில (சுவிட்சில ஃபைபர் செருகிற இடம்) குடுங்கோ, அங்க ஒரு சின்ன பிஓஇ சுவிட்ச் வையுங்கோ.