நான்கு அங்குல டவுன்பைப்புக்காக ஃபயர்வாலை அடித்தவர்கள் இங்கே இருக்கிறீர்களா?

ஹூஸ்டனிலிருந்து:

என்னுடையது 1996ஆம் ஆண்டு ஃபோர்டு எஃப்-350 பிக்கப் டிரக், 7.3 லிட்டர் பவர்ஸ்ட்ரோக் டீசல் எஞ்சின். டர்போ, எஞ்சினின் பின்புறத்தில், ஃபயர்வாலை (எஞ்சினையும் கேபினையும் பிரிக்கும் தகட்டுச் சுவரை) ஒட்டி இருப்பதால், டர்போவிலிருந்து புகையைக் கீழே கொண்டுபோகும் டவுன்பைப் இறங்கும் சந்து எவ்வளவு குறுகலானது என்பதை, அதற்குள் ஒருமுறை கை விட்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பழைய 3 அங்குலக் குழாயை ரம்பத்தால் இரண்டாக அறுத்துக் கீழே இறக்கிவிட்டேன். புதிய 4 அங்குலக் குழாய் பாதி தூரம் ஏறியதும், பயணி பக்கத்தில் ஃபயர்வாலும் தரைத்தகடும் சேரும் வெல்டிங் விளிம்பில் இடித்து நின்றுவிட்டது. பலரும் செய்வதுபோல நானும் அந்த விளிம்பை மடக்கிவிடத் தீர்மானித்தேன்.

வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, இரும்புக் கட்டை ஒன்றை விளிம்பில் முட்டுக் கொடுத்து, நான்கு பவுண்டு சுத்தியலால் அடித்தேன். என் மகன் கேபினுக்குள் கார்ப்பெட்டை விலக்கிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஏழாவது அடியோ எட்டாவது அடியோ, ஓசை மாறியது. "அப்பா, நிறுத்துங்க. உங்க டார்ச் வெளிச்சம் உள்ள தெரியுது" என்றான். நான் எழுந்து போய்ப் பார்த்தபோது ஒரு புள்ளி வெல்டு பிய்ந்து, அரிசி அளவில் ஓட்டை விழுந்திருந்தது. அதைச் சுற்றிப் பழைய சீலர் பொருக்குப் பொருக்காக உதிர்ந்து கிடந்தது. தேய்த்துச் சுத்தம் செய்து, பிரைமர் அடித்து, தகட்டு இணைப்புகளை அடைக்கும் சீம் சீலர் பூசிவிட்டேன். குழாயும் ஏறிவிட்டது, டிரெய்லர் இழுக்கும்போது புகையின் வெப்பமும் முன்பைவிடக் குறைவாகவே காட்டுகிறது. ஆனாலும் அந்த வெளிச்சப் புள்ளி என் மனதை விட்டுப் போகவில்லை. உங்களுக்கு இப்படி நேர்ந்திருந்தால் எழுதுங்கள்.

ஸ்காபரோவிலிருந்து:

மன்னிக்க வேண்டும், நீங்கள் சுத்தியலைத் தொட்டிருக்கவே கூடாது. கேபினைச் சேசிஸோடு பிணைக்கும் பாடி மவுண்ட் போல்ட்டுகளைப் பயணி பக்கத்தில் தளர்த்தி, ஜாக்கியின் மேல் மரக்கட்டை வைத்துக் கேபினை ஓரிரு அங்குலம் தூக்கினால் விளிம்பைத் தொடாமலேயே குழாய் ஏறிவிடும். நான் 2001ஆம் ஆண்டு எஃப்-250இல் அப்படித்தான் செய்தேன்.

ஆனால் என் கதையையும் மறைக்காமல் சொல்கிறேன். ஒன்ராறியோவில் குளிர்காலத்தில் வீதிக்குக் கொட்டுகிற உப்பு எந்தப் போல்ட்டையும் சும்மா விடாது. மூன்று போல்ட்டுகள் கழன்றன. நான்காவது, ரெஞ்சு எளிதாகச் சுற்றியதும் கழன்றுவிட்டது என்று நினைத்து மகிழ்ந்தேன். சுற்றிக்கொண்டே இருந்தேன், போல்ட் ஒரு நூலளவும் கீழே இறங்கவில்லை. மேலே கேபினுக்குள் இருக்கும் கூண்டு நட் (சுழலாமல் இருக்கத் தகட்டுக் கூண்டில் அடைத்த நட்) தன் பிடியை உடைத்துக்கொண்டு போல்ட்டோடு சேர்ந்தே சுழன்றுகொண்டிருந்தது. அந்த நட்டை எட்டுவதற்காகத் தரைத்தகட்டை உள்ளிருந்து வெட்டித் திறக்க வேண்டியதாயிற்று. ஓட்டை விழக்கூடாது என்றுதான் கேபினைத் தூக்கினேன், கடைசியில் உள்ளங்கை அளவு ஓட்டையை நானே போட்டேன். அந்தப் போல்ட் இலேசாகச் சுழன்றபோது கையில் உணர்ந்தது இன்னும் நினைவில் இருக்கிறது.

டல்லஸிலிருந்து:

ஸ்காபரோ நண்பரின் வழி, துருப்பிடிக்காத வண்டிக்கு மட்டுமே சரி. அதோடு கேபினைக் கீழே இறக்கிய பிறகு சந்து பழைய அளவுக்கே திரும்பிவிடும் என்பதை அவர் சொல்லவில்லை. குழாய் உள்ளே நுழைந்துவிட்டது என்பதாலேயே அதற்கு இருக்க இடம் கிடைத்துவிட்டதாகக் கொள்ளக் கூடாது.

நான் வேலை செய்யும் பட்டறைக்கு ஒரு வண்டி வந்தது. வேறெங்கோ 4 அங்குலக் குழாய் போட்டிருந்தார்கள். நிற்கும்போது எந்தச் சத்தமும் இல்லை, ஆனால் டிரெய்லர் மாட்டி மேட்டில் ஏறினால் கால் வைக்கும் தரை உடுக்கை அடித்ததுபோல் அதிர்ந்தது. கீழே படுத்துப் பார்த்தேன். குழாயின் மேல்வளைவில் விரல் நீளத்துக்கு ஒரு கோடு வெள்ளி மாதிரி பளபளத்தது. முழு விசையில் எஞ்சின் தன் மவுண்டுகளின் மேல் பயணி பக்கமாகச் சாய்கிறது. அப்போது டர்போவோடு பிணைந்த குழாயும் சேர்ந்து சாய்ந்து தகட்டை அறைந்திருக்கிறது. நின்ற நிலையில் சுண்டுவிரல் நுழையும் அளவு இடைவெளியாவது இல்லாத வண்டியை நான் இப்போது வெளியே விடுவதில்லை.

கால்கரியிலிருந்து:

என்னிடம் இருப்பது டாட்ஜ் ராம், 5.9 கம்மின்ஸ். நேர்வரிசை ஆறு சிலிண்டர் எஞ்சினில் டர்போ பக்கவாட்டில் இருப்பதால் 4 அங்குலக் குழாய் ஒரே மதியத்தில் ஏறிவிட்டது. வெப்பத்தடுப்புத் தகட்டை மறந்துவிட்டுக் கிளம்பியதில், தரை விரிப்பின் அடிப்பஞ்சு கருகிய வாசனை வந்தது. என் அனுபவம் அவ்வளவுதான்.

ஆனால் மூவருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் எல்லோரும் வண்டியை மாற்றப் பார்க்கிறீர்கள், குழாயை மாற்ற ஏன் யோசிக்கவில்லை? 3 அங்குல வட்டக் குழாயின் உள் குறுக்குவெட்டுப் பரப்பு ஏறக்குறைய 7 சதுர அங்குலம், 4 அங்குலத்துக்கு 12.5 சதுர அங்குலத்துக்குச் சற்று மேல். அந்த 4 அங்குலக் குழாயை இடிக்கும் இடத்தில் மட்டும் 3 அங்குல உயரத்துக்குத் தட்டையாக்கினால், சுற்றளவு மாறாததால் அது பக்கவாட்டில் சுமார் 4.5 அங்குலமாக அகலும். பரப்போ 11.8 சதுர அங்குலத்துக்கு அருகில் நிற்கும். ஏறத்தாழ 6 விழுக்காடுதான் இழப்பு. தகட்டின் பக்கம் இடமில்லாமல் பக்கவாட்டில் இடமிருக்கும் வண்டிகளுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. குழாயைச் சூடாக்காமல், இரண்டு தட்டைக் கட்டைகளுக்கு நடுவே வைத்து ஹைட்ராலிக் பிரஸ்ஸில் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்துங்கள். வெல்டிங் தையல் வளைவில் விழாதபடி திருப்பி வையுங்கள். தானியங்கி கியர் வண்டியானால் கியர் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் குழாய் எங்கே போகிறது என்று முதலில் பாருங்கள். கேபினுக்கு அருகில் வெல்டிங் செய்வதாக இருந்தால் பேட்டரி இணைப்புகளைக் கழற்றி, கார்ப்பெட்டையும் அகற்றி, உள்ளே ஒருவரைத் தண்ணீரோடு நிறுத்துங்கள். பின்னால் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருந்தால் அதில் கை வைக்காதீர்கள், அதைக் கழற்றுவது அமெரிக்காவில் தூய காற்றுச் சட்டத்துக்கு விரோதம்.

ஹூஸ்டனிலிருந்து, மீண்டும்:

அனைவருக்கும் நன்றி. கால்கரி நண்பரின் கணக்கைப் படித்துவிட்டு அளவுகோலோடு வண்டிக்கு அடியில் போனேன். என் வண்டியில் அந்த இடத்தில் பக்கவாட்டில் 5 அங்குலம் இருக்கிறது. நசுக்கிய குழாய் ஒரு சுத்தியல் அடிகூட இல்லாமல் ஏறியிருக்கும். டல்லஸ் நண்பர் சொன்ன பளபளப்பு என் குழாயில் இல்லை, சுண்டுவிரலும் நுழைகிறது. நேற்று இரவு இங்கே நல்ல மழை. காலையில் மகன் எனக்கு முன்பே போய்க் கார்ப்பெட்டுக்கு அடியில் கையை விட்டுப் பார்த்துவிட்டு, காய்ந்துதான் இருக்கிறது என்றான்.